கூண்டு முதல்ல, கோழி அப்புறம்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் எங்க வீட்டு பின்பக்கம் திரியிற நாலு பெட்டைங்களப் பத்தி இந்தப் பத்திரிகைல ஒரு பக்கம் எழுதினதும் எழுதினேன், லெட்டரு, மெயிலு, வாட்ஸப்புன்னு கேள்வியா குவிஞ்சு போச்சு. பாதிப்பேர் கேக்குறது ஒரே கேள்விதான், "அக்கா கோழி எங்க வாங்கினீங்க?". கூண்டு எங்க செஞ்சீங்கன்னு ஒருத்தர் கேக்கணுமே, ம்ஹூம். பேரு போட வேணாம்னு நெறைய பேர் சொன்னதால பெங்களூர்ல எந்த ஏரியான்னு மட்டும் போட்டிருக்கேன்.

லிங்கராஜபுரத்துல சொந்த வீடு, பின்னாடி பத்துக்குப் பன்னெண்டு அடி இடம் சும்மா கெடக்கு. கோழி வளக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எங்க வீட்டுக்காரர் "முட்டை செலவு மிச்சமாகும்னா வாங்கு"ங்கிறாரு. மிச்சமாகுமா? எத்தன வாங்கலாம், என்ன ரகம்? (இல்லத்தரசி, லிங்கராஜபுரம்)

வீட்டுக்காரர்கிட்ட மொதல்லயே உண்மைய சொல்லிடுங்கம்மா, மிச்சமாகாது. கணக்கு போட்டுக் காட்டுறேன். முட்டை போடுற ஒரு கோழி ஒரு நாளைக்கு 110, 120 கிராம் தீவனம் திங்கும், மூணு கோழின்னா மாசம் பத்து கிலோ. கிலோ 40 ரூபான்னு வெச்சுக்கிட்டாலே 400 ரூபா ஆச்சு. ஹெப்பால் கால்நடைக் கல்லூரில உருவாக்கின கிரிராஜா கோழின்னா வருஷத்துக்கு 130-லேர்ந்து 150 முட்டை, அப்போ மூணு கோழிக்கும் சேத்து மாசம் முப்பத்தஞ்சு சொச்சம்தான் வரும். தீவனம் மட்டுமே முட்டைக்கு பதினோரு ரூபா கிட்ட ஆயிடுது, இதுல கூண்டு செலவு, மருந்து, ஒண்ணு ரெண்டு செத்துப் போனா அது, எதையும் நான் சேக்கவே இல்ல. நாட்டுக்கோழின்னா இன்னும் மோசம், வருஷம் 60, 80 முட்டை போட்டா பெருசு. கடைல டஜன் வாங்குறதுதான் சல்லிசு.

இதப் படிச்சதுக்கு அப்புறமும் ஆசை போகலன்னா நீங்க கோழி வளக்கத் தகுதியான ஆளு, வாங்க.

உங்க எடத்துக்கு நாலு போதும், பத்தெல்லாம் வேணாம், ஒண்ணு மட்டும் வேணவே வேணாம், தனியா இருந்தா கோழி ஏங்கிப் போயிடும். ராத்திரி அடைக்கிற கூண்டு நாலுக்கு மூணு அடி, தரைலேர்ந்து ரெண்டு அடி ஒசரத்துல, உள்ள குறுக்க ஒரு கட்டை (கோழி தரைல படுக்காது, கட்டைலதான் ஏறி உக்காரும், மனுஷக் கட்டவிரல் மாதிரி ரெண்டு தடிமன் இருந்தா போதும்), ஓரமா ஒரு அடிக்கு ஒரு அடி முட்டைப் பெட்டி ஒண்ணு. ஒரு பெட்டி நாலுத்துக்கும் போதும், ரெண்டு வெச்சாலும் எல்லாம் ஒரே பெட்டிலதான் போடும், மத்தது வெளிய க்யூல நின்னு கத்தும். மீதி எடம் பகல்ல மேயறதுக்கு.

ரகம்னா, மொதல் தடவைக்கு கிரிராஜா இல்லன்னா அதுக்கு அப்புறமா அதே ஹெப்பால் கல்லூரில கொண்டுவந்த ஸ்வர்ணதாரா பாருங்க, ஊர்க்கோழி மாதிரியே வெளிய மேஞ்சு பொழச்சுக்கும், முட்டையும் ஓரளவு வரும். ஹெசரகட்டால மத்திய அரசோட கோழி வளர்ப்பு மையம் இருக்கு, அங்க பயிற்சியும் குடுக்குறாங்க, போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க. ஆனா ஒரு நாள் குஞ்சு மொதல் தடவையே வாங்காதீங்க. ரெண்டு மாசம் தாண்டின, ஊசியெல்லாம் போட்டு முடிச்ச குட்டிக் கோழியா கேளுங்க, வெல ஜாஸ்திதான், ஆனா குஞ்சு சாகுறதப் பாத்து அழற செலவு மிச்சம்.

ஞாயித்துக்கெழம ரோட்டோரம் விக்கிற கலர் கோழிக்குஞ்சு, பச்சையும் ரோஸுமா அஞ்சு, பொண்ணு அடம்புடிச்சு வாங்கிட்டா. மூணு நாள்ல ரெண்டு போச்சு. மீதி மூணு ஷூ டப்பாலதான் இருக்கு, ராத்திரி பூரா கத்துது. என்ன பண்றது? (அம்மா, பானஸ்வாடி)

கத்துதுன்னா குளுருதுன்னு அர்த்தம், ஷூ டப்பாவ ஒடனே மாத்துங்க. தாய்க்கோழி றெக்கைக்கு அடில இருக்கிற சூடு வேணும் அதுக்கு, மொதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு ஒரு மூணு டிகிரி கொறச்சுக்கிட்டே வரணும். பெங்களூர் ராத்திரி எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், நமக்கே ஸ்வெட்டர் கேக்குது.

பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணு, காய்கறிக் கடைல கேட்டா குடுப்பாங்க. அதுல நெல்லு உமி ரெண்டு இன்ச் போடுங்க, அதுக்கு மேல பழைய துணி. வழவழன்னு இருக்கிற நியூஸ்பேப்பர் மட்டும் வேணாம், கால் வழுக்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நடக்கவே முடியாம போயிடும், நான் ஒரு குஞ்ச அப்படி கெடுத்திருக்கேன். ஒரு ஓரத்துல அறுபது வாட்ஸ் குண்டு பல்பு தொங்க விடுங்க, எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. துணிலயோ அட்டைலயோ ஒட்டாம ஒரு அடி தள்ளி, ஒயர நல்லா கட்டி, அவுந்து விழுந்தா வீடே எரியும். தெர்மாமீட்டர் இல்லன்னா பரவால்ல, குஞ்சே சொல்லும். பல்புக்கு கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அப்பிக்கிட்டு கெடந்தா குளுரு, பல்ப எறக்குங்க. ஓரத்துக்கு ஓடிப்போய் வாயத் தொறந்து மூச்சு வாங்கினா சூடு ஜாஸ்தி, ஏத்துங்க. பெட்டி பூரா அங்கங்க சிதறி ஒண்ணு திங்குது ஒண்ணு தூங்குதுன்னா சரியா இருக்கு, நீங்களும் போய் படுங்க.

தண்ணிய தட்டைல வெச்சு நடுவுல கூழாங்கல் நாலு போட்டு வைங்க, மூழ்கி சாகாது. தீவனக் கடைல குஞ்சுத் தீவனம்னே கேட்டு வாங்குங்க, முட்டைக்கோழித் தீவனம் குடுத்துடாதீங்க, அதுல சுண்ணாம்புச் சத்து நாலு சதவீதம் கிட்ட இருக்கும், குஞ்சுக்கு கிட்னி போயிடும். ஒரு நாள் ரெண்டு நாள் சமாளிக்க நொய்யும் கேவுரு மாவும் போதும். தெனம் ஒருக்கா தூக்கி பின்பக்கம் பாருங்க, எச்சம் காஞ்சு அடச்சுக்கிட்டு இருந்தா வெதுவெதுன்னு தண்ணி தொட்டு பஞ்சால மெல்ல ஊற வெச்சு எடுங்க, பிச்சு இழுக்காதீங்க.

இன்னொண்ணு, இப்பவே பொண்ணுகிட்ட சொல்லி வைங்க. சாயம் திட்டு திட்டா கொட்டி, உள்ள இருந்து வெள்ளை எறகு வரும். அப்புறம் இந்த கலர் குஞ்சுங்க பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேணாம்னு ஒதுக்கின ஆம்பளக் குஞ்சுங்க, முட்டை எதிர்பாக்காதீங்க. மூணும் பொழச்சா நாலு மாசத்துல உங்க அபார்ட்மெண்ட்ல மூணு சேவல் காலைல நாலு மணிக்கு கூவும், அந்தக் கடுதாசியும் எனக்குத்தான் வரும்.

சேவல் இல்லாம கோழி முட்டை போடுமா? (கல்லூரி மாணவர், அல்சூர்)

போடும் தம்பி. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். கடைல வாங்குற பண்ணை முட்டை எல்லாம் அப்படி வந்ததுதான்.

எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வில்லா. ஆன்லைன்ல ரெடிமேட் மரக்கூண்டு வாங்கி நாலு கோழி விட்டேன், பாக்க அழகா இருந்துச்சு. போன வாரம் காலைல பாத்தா ரெண்டு கோழி தலையில்லாம கெடக்கு, கூண்டு பூட்டினபடியே இருக்கு. என்ன மிருகம்னே புரியல. (சாஃப்ட்வேர் இன்ஜினியர்)

தம்பி, படம் அனுப்பிருந்தீங்க, பாத்தேன். அந்த அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு வலைதான் எமன். ராத்திரில கோழிக்கு கண்ணு தெரியாது, இருட்டினா செல மாதிரி கட்டைல உக்காந்துடும், கூப்பிட்டாலும் நகராது. வெளிய இருந்து பூனையோ மரநாயோ சுத்தி சுத்தி வந்து பயம் காட்டும், கோழி தெகைச்சுப் போய் வலை ஓரமா ஒதுங்கும், வந்த மிருகம் ஓட்டை வழியா கைய விட்டு தலைய புடிச்சு இழுக்கும், ஒடம்பு வெளிய வராது, தலை மட்டும் வரும். அதான் நடந்திருக்கு. பூட்டு பத்திரமா இருந்து என்ன புண்ணியம்.

மாத்த வேண்டியது வலையத்தான். ஹார்டுவேர் கடைல அரை இன்ச் வெல்டட் மெஷ்னு கேளுங்க, கம்பி தடியா இருக்கும், குருவி தலை கூட நுழையாது. ஆணி அடிச்சு நிறுத்தாதீங்க, வாஷர் வெச்சு ஸ்க்ரூ போடுங்க. கீழயும் போடணும். பெங்களூர்ல நமக்கு பெரிய வில்லன் பெருச்சாளி, அது மேல ஏறி வராது, மண்ணத் தோண்டி அடி வழியா வந்து குஞ்சையும் முட்டையையும் இழுத்துட்டுப் போயிடும். கூண்டு சுத்தி ஒரு அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷ தரைல படுக்க வெச்சு மண்ணு மூடிட்டா தோண்டித் தோண்டி சலிச்சுப் போயிடும். பகல்ல பருந்து இருக்கு, வட்டம் போடுறத பாத்திருப்பீங்க, மேயற எடத்துக்கு மேல பழைய மீன்வலை கட்டினாலே போதும். கீரியும் பகல்லதான் வரும்.

எனக்கு இது எப்பிடித் தெரியும்னா, அடி வாங்கித்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மழைல ஒரு ராத்திரி கரண்டு போயிடுச்சு, கொடை புடிச்சுக்கிட்டு போய் கூண்டு கதவ சாத்தினேன், தாப்பா போட்டேனா போடலயான்னு படுக்கைல ஒரு நிமிஷம் தோணுச்சு, மழைல யாரு போறதுன்னு போர்வைய இழுத்துக்கிட்டேன். விடியக்காலைல கதவு லேசா தொறந்திருந்துச்சு, உள்ள கருப்பியோட எறகு மட்டும் ஈரத்துல ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, மத்த மூணும் கட்டைல அப்படியே உக்காந்திருந்துச்சு, சத்தமே போடல. அன்னிலேர்ந்து தாப்பா மேல ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு பூட்டு. எங்க வீட்டு கதவக் கூட நான் அவ்ளோ பாக்குறது இல்ல.

மீதி ரெண்ட இன்னிக்கு ராத்திரிலேர்ந்து வீட்டுக்குள்ள பாத்ரூம்ல விட்டுடுங்க, வந்தது திரும்ப வரும், ருசி கண்டுடுச்சு.

என் கோழி நாலு நாளா முட்டைப் பெட்டிய விட்டு எந்திரிக்க மாட்டேங்குது, கிட்டப் போனா எறக சிலுப்பிக்கிட்டு கொத்த வருது, முட்டையும் நின்னு போச்சு. சீக்கா? (ரிட்டையர்டு ஊழியர், மர்பி டவுன்)

ஐயா, சீக்கெல்லாம் இல்ல, அடைக்கு உக்காந்திருக்கு. உங்க ஊர் கேஜிஎஃப்னு எழுதிருக்கீங்க, அங்க உங்க அம்மா பஞ்சாரத்துக்குள்ள வெச்சு மூடி பாத்துக்கிட்டது ஞாபகம் இருக்கும், அதேதான்.

உங்களுக்கு ரெண்டு வழி. குஞ்சு வேணும்னா, சேவலோட திரியிற கோழி வெச்சிருக்கிறவங்க யார்கிட்டயாச்சும் கருக்கூடின முட்டை ஏழெட்டு வாங்கி ராத்திரி இருட்டுல அதுக்கு அடில வைங்க, பகல்ல வெச்சா சந்தேகப்படும். இருபத்தோரு நாள். ஏழாவது நாள் ராத்திரி செல்ஃபோன் டார்ச்ச முட்டைக்கு அடில வெச்சு பாருங்க, செவப்பா நரம்பு செலந்திவலை மாதிரி தெரிஞ்சா உயிர் இருக்கு, வெறும் வெளிச்சமா தெரிஞ்சா கூமுட்டை, எடுத்துடுங்க. இந்த கிரிராஜா மாதிரி ரகமெல்லாம் சரியா அடைக்கு உக்காராது, அதோட முட்டைய நாட்டுக்கோழி அடிலதான் வெப்பாங்க, அதனால உங்ககிட்ட இருக்கிறது நல்ல பெட்டை, விட்டுடாதீங்க.

குஞ்சு வேணாம்னா, அடிப்பக்கம் கம்பி வலையா இருக்கிற கூண்டுல உமியோ வைக்கோலோ போடாம மூணு நாலு நாள் விடுங்க, வயித்துக்கு அடில காத்து போனா சூடு தணிஞ்சு மறந்துடும். தீனியும் தண்ணியும் கண்டிப்பா இருக்கணும். மூக்குல எறக சொருகுறது, பச்சத்தண்ணில முக்கி எடுக்குறதெல்லாம் நம்ம ஊர்ல பண்ணுவாங்க, எனக்குப் புடிக்காது, அது தாயாகணும்னு உக்காந்திருக்கு, அதுக்கு ஒரு தண்டனையா.

அஞ்சு கோழில நாலு ஒரே வாரத்துல போயிடுச்சு அக்கா. பச்சையா கழிஞ்சுது, கடைசில ஒண்ணு கழுத்த பின்னாடி திருக்கிக்கிட்டு சுத்தி சுத்தி வந்துச்சு. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் எல்லாம் அரைச்சு குடுத்தேன், காப்பாத்த முடியல. நான் என்ன தப்பு பண்ணேன்? (ஆட்டோ ஓட்டுநர், எஜிபுரா)

நீங்க மருந்து குடுத்தது தப்பில்ல தம்பி, ஆனா நீங்க எழுதினத வெச்சுப் பாத்தா அது வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட்டுன்னு சொல்லுவாங்க. இமயமலப் பக்கம் இருக்கிற ராணிக்கேத் ஊர்ல 1920-கள்ல கண்டுபுடிச்சதால இங்க அந்தப் பேரு. அது வைரஸ், வந்ததுக்கு அப்புறம் எந்த மருந்தும் கேக்காது, அரைச்சுக் குடுத்தாலும் சரி, கடைல வாங்கிக் குடுத்தாலும் சரி. வராம தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரம் றெக்கைக்கு அடில தோல்ல ஒரு ஊசி. கால்நடை ஆஸ்பத்திரில கேட்டா சொல்லுவாங்க.

நம்மள மாதிரி அஞ்சு பத்து வளக்குறவங்களுக்கு இதுல ஒரு தொல்லை என்னன்னா, மருந்து புட்டி ஒண்ணுல நூறு கோழிக்கு இருக்கும், தண்ணி கலந்துட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மீதி குப்பைக்குத்தான். நாங்க கொத்தனூர்ல ஏழு வீடு சேந்து ஒரே நாள்ல போட்டுக்குறோம், ஒருத்தர் ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்ல புட்டி வாங்கிட்டு வருவாரு, சாயங்காலம் வெயில் எறங்கினதும் வரிசையா எல்லாரும் கோழிய அக்குள்ள இடுக்கிக்கிட்டு நிப்போம், கல்யாண வீடு மாதிரி இருக்கும். உங்க தெருவுலயும் கோழி இருக்கும், கேட்டுப் பாருங்க.

இப்போதைக்கு செத்தத சுண்ணாம்பு போட்டு ஆழமா பொதைங்க, அந்தக் கூண்ட கழுவி வெயில்ல காய வெச்சு ஒரு மாசத்துக்கு மேல சும்மா போடுங்க. மிச்சம் இருக்கிற ஒண்ண யாருக்கும் குடுத்துடாதீங்க, அது பொழச்சிருந்தாலும் நோயக் கொண்டு போகும். கொத்துக் கொத்தா திடீர்னு சாவுதுன்னா மறைக்காம கால்நடை டாக்டருக்கு சொல்லிடணும், பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம், 2012-ல ஹெசரகட்டா மையத்துலயே வான்கோழிக்கு வந்து இருந்த பறவைங்களையெல்லாம் அழிக்க வேண்டியதா போச்சு. அவ்ளோ பெரிய எடத்துக்கே வருதுன்னா நீங்க என்ன தப்பு பண்ணேன்னு ஒக்காந்து யோசிக்கிறதுல அர்த்தமில்ல.

பக்கத்து வீட்டம்மா நாத்தம் அடிக்குதுன்னு தெனம் சண்டை. (விவேக்நகர்)

நாத்தம் அடிச்சா சண்டை போடத்தான் செய்வாங்க, அவங்க பக்கம்தான் நியாயம். எச்சம் ஈரமானாத்தான் மூக்க அரிக்கிற மாதிரி நெடி வரும், காஞ்சு கெடந்தா ஒண்ணும் தெரியாது. உமி இல்லன்னா தேங்காநார்த் தூள் மூணு இன்ச் கனத்துக்கு போட்டு வாரம் ரெண்டு தடவ கிளறி விடுங்க, தண்ணிச் சட்டி கிட்ட நனஞ்சத மட்டும் அன்னன்னிக்கே வாரிடுங்க. வாரினத ரோஜாச் செடிக்கு அப்படியே போடாதீங்க, கருகிடும், மூணு மாசம் மக்க விடுங்க. அப்புறம் வாரத்துக்கு நாலு முட்டை அந்தம்மா வீட்டுக்கு. சேவல் இருந்தா ஊருக்கு அனுப்பிடுங்க, அதுக்கு வேற வைத்தியம் இல்ல.

டிசம்பர்லேர்ந்து முட்டையே இல்ல, எறகெல்லாம் கொட்டி பாக்கவே பாவமா இருக்கு. (வாசகி, ராமமூர்த்தி நகர்)

வருஷா வருஷம் எறகு மாத்தும், பயப்படாதீங்க. முட்டை போட கோழிக்கு பதினாலு மணி நேர வெளிச்சம் இருந்தா நல்லது, டிசம்பர்ல நம்ம ஊர்ல பகலே பதினொன்றரை மணி நேரம் கூட இல்ல. எறகு மொளைக்க புரதம் வேணும், கருவாட்டுத் தூள், முருங்கக்கீரை, கெடைச்சா கரையான் குடுங்க, உப்புக் கருவாடு வேணாம். கூடவே சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு பழைய டப்ல வைங்க, அதுல பொரண்டு குளிச்சா செல்லு, பேனு அண்டாது. ஒண்ணு ரெண்டு மாசத்துல புதுச் சட்டை போட்டுக்கிட்டு திரும்ப ஆரம்பிக்கும்.

ஆறு மாசமா காத்திருந்து இன்னிக்கு காலைலதான் மொத முட்டை! கோலிகுண்ட விட கொஞ்சம் பெருசா இருக்கு, ஓட்டுல ரத்தக்கோடு வேற. என் பையன் அத கைல வெச்சுக்கிட்டு ஸ்கூலுக்கே போகல. திங்கலாமா? கோழிக்கு ஏதாவது ஆயிடுச்சா? (அம்மா, கொத்தனூர்)

அட நம்ம ஏரியா! ஒண்ணும் ஆகலம்மா. வெடக்கோழி மொத தடவ போடுறப்ப சின்னதாத்தான் வரும், ரத்தக்கோடும் வரும், ரெண்டு வாரத்துல பழகிடும். தொடர்ந்து ரத்தம் வந்தா, இல்ல கோழி முக்கிக்கிட்டே ஒரு எடத்துல நின்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. இனிமே முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறிடலாம், கூடவே கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்துல, இல்லன்னா ஓடு தோல் மாதிரி மெல்லிசா வரும்.

மத்தவங்க எல்லாம் முட்டை போட்டதும் கோழி ஊரையே கூட்டுற மாதிரி கொக்கரிக்கும்பாங்க, உங்க வீட்டுல பையன் கொக்கரிச்சிருப்பான் போல. தாராளமா திங்கலாம். கழுவி வெக்காதீங்க, மேல ஒரு மெல்லிசு பூச்சு இருக்கும், கழுவினா போயிடும், சமைக்கிறப்ப கழுவுனா போதும். ஆனா அவிக்க வேணாம், இவ்ளோ புது முட்டைய அவிச்சா ஓடு உரியாது, பாதி வெள்ளக்கரு ஓட்டோட பிஞ்சு வந்துடும், பையன் அழுவான். ஒரு வாரம் வெச்சிருந்தா அவிக்கலாம். இத பொடிமாஸ் பண்ணிடுங்க, நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு வாய் வரும்.